இது எந்த மாவட்டம்?

திருவண்ணாமலையில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயாவை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறார் என்பது வீட்டார் சொல்லும் குறை. “இது எந்த மாவட்டம்மா?” என்று மருத்துவர் கேட்கிறார். “வட ஆற்காடு” என்று சட்டென்று பதில் வருகிறது. மருத்துவர் தாளில் பூஜ்யம் போடுகிறார்.

1989 செப்டம்பர் 30க்கு முன்பு இதே பதிலுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அன்றுதான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆயா தவறாக எதையும் சொல்லவில்லை. பழையதைச் சொல்கிறார், அவ்வளவுதான். இப்போது இன்னொன்றையும் கற்பனை செய்துபாருங்கள். 1989 தொடக்கம் வரை அச்சான புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் மட்டும் கொடுத்து ஒரு மொழி மாதிரியைப் பழக்கியிருக்கிறார்கள். சாட்ஜிபிடி வகையைச் சேர்ந்த ஒன்று. அதனிடம் இதே கேள்வியைக் கேட்டால் அதுவும் வட ஆற்காடு என்றுதான் சொல்லும். அதே வேகத்தில், அதே நம்பிக்கையோடு.

செயற்கை நுண்ணறிவையும் முதுமையையும் சேர்த்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் கூர்மையான இயந்திரம், மங்கிப்போன மனிதர் என்று இரண்டு துருவங்களை வைத்துக்கொள்கிறார்கள். இயந்திரத்திடம் குறையாத நினைவு இருப்பதாகவும், அதை ஆயாவுக்குக் கொஞ்சம் கடன் கொடுத்தால் போதும் என்றும் ஒரு எண்ணம். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. நினைவு விஷயத்தில் இன்றைய மொழி மாதிரி நம்மைப் போன்றதல்ல, அது ஆயாவைப் போன்றது.

முதலில் அந்தக் கேள்வித்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. 1975இல் அமெரிக்க மருத்துவர்கள் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் சூசன் ஃபோல்ஸ்டீனும் பால் மெக்ஹியூவும் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனையின் வாரிசுகள்தான் உலகெங்கும் நடக்கின்றன. தேதி என்ன, ஊர் என்ன, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை. பள்ளிக்கூடத்தில் கால் வைக்காத ஒரு பெண் இதில் தோற்றால், தோற்பது நினைவா படிப்பா என்று எப்படிச் சொல்வது? அரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியின் குழு 1995இல் இதற்கு ஒரு வழி செய்தது. ஏழைக் கழிப்பதற்குப் பதிலாக வாரநாட்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். கண்ணை மூடு என்று எழுதியிருப்பதைப் படித்துச் செய்வதற்குப் பதிலாக, எதிரில் இருப்பவர் கண்ணை மூடுவதைப் பார்த்து அதேபோல் செய்தால் போதும். திருவண்ணாமலைக்கென்று யாராவது தாள் தயாரித்தால் தேதியைக் கேட்பதற்குப் பதில் அடுத்த பௌர்ணமி எப்போது என்று கேட்கலாம் என்பது என் யோசனை. கிரிவலக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை ஊரே திணறும்போது, அதைத் தவறவிடுபவருக்கு உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கிறது.

*

கடைசியாக வந்த நினைவு முதலில் போகும், முதலில் வந்தது கடைசிவரை நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881லேயே எழுதிவிட்டார். ஏன் என்று புரிய ஆரம்பித்தது 1953இல், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு. ஹென்றி மொலைசனுக்கு அப்போது 27 வயது. ஓயாத வலிப்பு. அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவருடைய மூளையின் இரு புறமும், பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் பகுதியை, ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு சேர்த்து எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு 2008இல் இறக்கும்வரை, 55 ஆண்டுகள், நடந்தவை எதுவும் அவரிடம் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவரோடு உட்கார்ந்து பேசலாம், நகைச்சுவைக்குச் சிரிப்பார், பேச்சு ஓடும்வரை எல்லாம் சரியாக இருக்கும். கவனம் வேறு பக்கம் திரும்பினால் பேசியதே போய்விடும். இளமைக்காலம் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தக் காலத்து மளிகைக்கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைய வரவு செலவை அவசரமாகக் கிறுக்கிக்கொள்ளச் சிட்டை. அதை நிதானமாகப் பெயர்த்து எழுதி நிரந்தரமாக வைக்கப் பேரேடு. ஹிப்போகாம்பஸ் சிட்டை. மூளையின் மேல்மடிப்பான புறணி பேரேடு. இரவில், தூக்கத்தில், சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு வரவு பெயர்கிறது. மொலைசனிடம் சிட்டை பிடுங்கப்பட்டுவிட்டது. பேரேட்டில் அதுவரை ஏறியது தப்பித்தது. அல்சைமர் நோயும் ஏறக்குறைய அங்கேதான் கை வைக்கிறது. ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991இல் வரைந்து காட்டிய வரிசைப்படி, நரம்பணுக்களுக்குள் விழும் புரதச் சிக்கல்கள் ஹிப்போகாம்பஸுக்கு வாசல்போல் இருக்கும் பகுதியில் தொடங்கி, அதற்குள் புகுந்து, பல ஆண்டுகள் கழித்துப் புறணிக்குப் பரவுகின்றன. ஆகவே முதலில் சிட்டை கிழிகிறது. பேரேட்டைக் கரையான் அரிப்பது பிறகு. நடுவிலிருக்கும் அந்த ஆண்டுகளில்தான் ஆயா வட ஆற்காட்டில் வாழ்கிறார்.

இதே ஆயாவிடம் திருவெம்பாவையின் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். மாணிக்கவாசகர் அதைப் பாடியது இதே ஊரில்தான் என்பது மரபு. ஒவ்வொரு மார்கழியிலும் விடியற்காலையில் காதில் விழுந்து விழுந்து ஏறியது. 20 பாடலில் பாதியாவது தடங்கலில்லாமல் வரக்கூடும். துணுக்கு ஒன்றைக் கொடுத்தால் முழுமை எழுந்து வருகிற இந்தக் குணத்தை 1982இல் ஜான் ஹாப்ஃபீல்ட் என்ற இயற்பியலாளர் கணிதமாக எழுதினார். ஒன்றோடொன்று பின்னிய செயற்கை நரம்பணுக்களின் வலை அது. சிதைந்த உருவத்தைக் கொடுத்தால் அது தான் பழகிய முழு உருவத்துக்குப் போய்ச் சேரும். அவருக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் 2024இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த வலையில் ஒரு விநோதம் உண்டு. 100 நரம்பணு இருந்தால் 14 உருவங்கள்போலத்தான் பத்திரமாக இருக்கும். அதற்குமேல் திணித்தால், யாருமே சொல்லிக்கொடுக்காத கலப்பு உருவங்களை அது நினைவென்று நீட்டும். இந்த விநோதத்துக்குக் கடைசியில் நிறைய விலை கொடுக்கப்போகிறோம்.

*

இயந்திரத்துக்கு வருவோம். மொழி மாதிரி என்பது பல நூறு கோடி எண்கள். கோடானுகோடி வாக்கியங்களில் அடுத்த சொல் என்ன என்று ஊகிக்கவைத்து, தவறும்போதெல்லாம் அந்த எண்களை இம்மி இம்மியாகத் திருத்துகிறார்கள். மாதக்கணக்கில் நடக்கும் அந்தப் பழக்கம் முடிந்ததும் எண்கள் உறைந்துவிடுகின்றன. நீங்கள் அதோடு பேசுவது அந்த எண்களில் ஒன்றையும் அசைப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் உரையாடல் மட்டும் அதன் கண்முன் இருக்கிறது. உரையாடலை மூடினால் உங்கள் பேர்கூட அதற்குத் தெரியாது. அப்படியானால் போன வாரம் சொன்னதை என் செயலி இந்த வாரம் நினைவுகூர்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். வெளியே யாரோ குறிப்பெழுதி வைத்து, ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் அதை அதன் கையில் கொடுக்கிறார்கள். அவ்வளவே. பேரேடு உண்டு, சிட்டை இல்லை. மொலைசன்.

உறையவிடாமல் தினமும் கற்றுக்கொள்ள வைத்தால் என்ன? வட ஆற்காடு பிரிந்த அதே 1989இல் மைக்கேல் மெக்ளோஸ்கியும் நீல் கோஹனும் அதைச் செய்து பார்த்தார்கள். ஒரு செயற்கை நரம்பு வலைக்கு ஒன்றைக் கூட்டும் கணக்குகளைக் கற்பித்தார்கள். பிறகு இரண்டைக் கூட்டும் கணக்குகளை. இரண்டு ஏற ஏற, ஒன்று அழிந்தது. கொஞ்சம் மங்கவில்லை, அடியோடு போனது. ஆயாவிடம் பழையது நிற்கிறது, புதியது ஏறுவதில்லை. இங்கே புதியது ஏறியதும் பழையது சாகிறது. ஜேம்ஸ் மெக்கிளெலண்டும் இரு சகாக்களும் 1995இல் இதை வைத்தே மூளைக்கு ஏன் இரண்டு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது என்று விளக்கினார்கள். நேற்று நடந்ததை நேரடியாகப் பேரேட்டில் எழுதினால் முந்தைய பக்கங்கள் கெடும். வேகமாகக் கிறுக்கிக்கொள்ள ஒன்று, மெதுவாகக் கலந்து சேர்க்க ஒன்று என்று பிரித்தால்தான் இரண்டும் பிழைக்கும். மொழி மாதிரி செய்பவர்கள் இந்த ஆபத்துக்குப் பயந்து எண்களை உறையவைத்து, வெளியே குறிப்புத்தாளை நீட்டும் வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே இருந்து குறிப்பை நீட்டுவது. இதை எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? “அத்தே, காலைல இட்லி சாப்ட்டீங்க, இப்ப மணி பதினொண்ணு.” “ஆயா, இவன் உன் பெரிய பேரன், பெங்களூர்ல இருக்கான்.” மறதி நோய் வந்த வீடு ஒவ்வொன்றிலும் ஒருவர், பெரும்பாலும் மருமகளோ மகளோ, நாள் முழுக்கச் செய்யும் வேலை இதுதான். அந்த வேலை எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பதற்கு, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஓர் ஆதாரம் இருக்கிறது.

உலகில் டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவுதான் அங்கே நடந்திருந்தது என்று சுட்டிக்காட்டி, 10/66 என்றே பெயர் வைத்துக்கொண்ட ஆய்வுக் குழு ஒன்று உண்டு. சென்னையும் வேலூரும் அதன் களங்களில் இரண்டு. வேலூரில் பணி செய்தது கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 2008இல் வெளிவந்த முடிவுகளில் ஓர் எண் எல்லோரையும் நிறுத்தியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையை வைத்துப் பார்த்தால், இந்தியக் கிராமக் களத்தில் முதியோரில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். கியூபாவில் அதே வரையறைக்கு 6.3. நம் கிராமத்து மூளை அவ்வளவு திடமா? இல்லை. சோதனைகளை நேராகப் பார்த்துக் கணித்தபோது எண் பல மடங்கு ஏறியது. அந்த வரையறைப்படி நோய் என்று சொல்ல, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். வீட்டாரோ ஒன்றுமில்லை, வயசானா அப்படித்தான் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடைக்குப் போவது, பணம் எண்ணுவது, மாத்திரை எடுப்பது எதையும் அந்த முதியவரிடம் யாரும் விட்டு வைத்திருக்கவில்லை. குடும்பம் சத்தமில்லாமல் அவருடைய சிட்டையாக மாறிவிட்டிருந்தது. அது நன்றாக வேலை செய்ததால் நோய் கண்ணுக்கே தெரியவில்லை.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985வாக்கில் இதைத் தம்பதிகளிடம் வைத்து எழுதினார். சேர்ந்து வாழ்பவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு என்ன தெரியும் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும். கல்யாணச் சீர் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது ஆயாவிடம், பத்திரம் எந்தப் பெட்டியில் என்பது தாத்தாவிடம். தாத்தா போன பிறகுதான் ஆயாவுக்கு மறதி ஆரம்பித்தது என்று பல வீடுகளில் சொல்வார்கள். துக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல சமயம் மறதி முன்பே வந்திருக்கும். அதை மூடி வைத்திருந்தவர்தான் போய்விட்டார்.

அந்தக் குடும்பம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2021க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பெரிய பேரன் பெங்களூரில், சின்னவன் ஓமானில் என்றால் குறிப்பை நீட்டுவது யார்? இந்த இடத்தில்தான் இயந்திரம் கையைத் தூக்குகிறது.

*

இயந்திரம் உண்மையிலேயே நன்றாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேச்சைக் கவனிப்பது. அகதா கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் எண்ணிப் பார்த்த டொரன்டோ ஆய்வாளர்கள் இயன் லங்காஷயரும் கிரேம் ஹிர்ஸ்டும், கடைசிக்கால நூல்களில் சொல்வளம் சுருங்கி, ஏதோ, எதுவோ வகைச் சொற்கள் பெருகியதை 2009இல் காட்டினார்கள். அவருக்கு நோய் இருந்ததென்று எந்த மருத்துவரும் சொல்லியதில்லை, எழுத்துதான் சாட்சி. 2020இல் ஆய்வாளர்களுக்கிடையே ஒரு போட்டி வைத்தார்கள். அல்சைமர் உள்ள 78 பேர், இல்லாத 78 பேர், எல்லோரும் ஒரே படத்தை விவரிக்கும் ஒலிப்பதிவுகள். கேட்டுப் பிரித்துச் சொல்ல வேண்டும். நல்ல நிரல்கள் பத்தில் எட்டு, ஒன்பது முறை சரியாகச் சொல்லின.

அந்தப் படம் என்ன தெரியுமா? அமெரிக்கச் சமையலறை. அம்மா நின்றபடி தட்டு துடைக்கிறாள், தொட்டி வழிகிறது, பையன் முக்காலியில் ஏறி அலமாரியிலிருந்து பிஸ்கட் திருடுகிறான். போஸ்டனில் 1972இல் வந்த ஒரு சோதனைக்காக வரையப்பட்டது. திருவண்ணாமலை ஆயா இதைப் பார்த்து என்ன சொல்வார்? பக்கத்தில் ஒரு தீபத் திருநாள் படத்தை வைத்தால் அரை மணி நேரம் பேசுவார்.

படத்தை மாற்றிவிடலாம். மொழியை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஆங்கிலத்தில், பெயர்ச்சொல் குறைந்து அவன், அவள், அது கூடினால் அது நோயின் தடயங்களில் ஒன்று. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசுகிறோம். போனான், வந்தா என்று வினைமுற்றே யார் என்று காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் பழகிய நிரலுக்கு நல்ல நினைவுள்ள தமிழரும் எதையோ விட்டுவிட்டுப் பேசுபவராகத் தெரியலாம். மறுபக்கம், ஆயா “அத்த எடுத்தா, அத்த” என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்ததைக் கவனிக்கும் மருமகளுக்கு எந்த நிரலும் தேவையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் போன்ற குழுக்கள் இந்திய மொழிகளின் பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகளைத் திறந்த முறையில் வெளியிட்டிருப்பது பெரிய தொடக்கம். ஆனால் பல்லில்லாத வாயும் வட ஆற்காட்டுப் பேச்சும் சேர்ந்த குரல் பயிற்சித் தரவுகளில் அரிது.

இரண்டாவது, வழி. திருவண்ணாமலையில் இதற்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் இடத்தின் உறுப்பும்கூட. எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் அணுக்களை ஜான் ஓ’கீஃப் 1971இல் அங்கே கண்டார். மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் 2005இல் அதன் வாசல் பகுதியில், அல்சைமர் முதலில் தொடும் அதே இடத்தில், தூரத்தையும் திசையையும் கட்டம் போட்டு அளக்கும் அணுக்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல். பழகிய தெருவில் வழி தப்புவது நோயின் ஆரம்ப அறிகுறியாக இருப்பது இதனால்தான்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்தால் இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டுத் திசைக்கும் ஒன்றாக எட்டு லிங்கம். கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் சொற்பொழிவை மனப்பாடம் செய்யத் தெரிந்த கட்டடம் ஒன்றின் மூலைகளில் ஒவ்வொரு கருத்தாக வைத்துக்கொண்டே போவார்கள். இங்கே அந்தக் கட்டடம் மலையைச் சுற்றியே போட்டிருக்கிறது. ஐம்பது வருஷம் நடந்த கால் அடுத்தது எது என்பதை விடாது. ஆனால் பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடுவில் கைவிட்டுப்போனால்? தீபத்தன்று கூட்டத்தில் பிள்ளைகள் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டை கட்டும் வழக்கம் இருக்கிறது. அதே பட்டை ஆயாக்களுக்கும் வேண்டும். இடங்காட்டி வைத்த கைக்கடிகாரத்தைவிட அதற்குச் செலவு குறைவு, சார்ஜ் தீராது.

அப்புறம் காது. லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, பார்வைக் குறை என்று போகும் அந்தப் பட்டியலில் செவித்திறன் குறைவுக்குப் பெரிய பங்கு. பேசும் இயந்திரம் வாங்குகிற வீட்டில் முதலில் காது கேட்கும் கருவி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

*

மூன்றாவதுதான் சிக்கல். துணைக்குப் பேசுவது, அதிலும் தெரிந்த குரலில் பேசுவது.

குரலை எழுப்புவதில் தமிழர்கள் உலகத்துக்குப் பின்தங்கியவர்கள் அல்ல. 2018இல் மறைந்த கருணாநிதி 2024 ஜனவரியில் திரையில் தோன்றி டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூலை வாழ்த்தினார்; எல்லாம் செயற்கை நுண்ணறிவு. அதே மாதம் லால் சலாம் படப் பாட்டு ஒன்றில், மறைந்த பம்பா பாக்யாவும், 1997இலேயே விபத்தில் போய்விட்ட சாகுல் ஹமீதும் பாடினார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் அறிவித்தார். அதே ஆண்டு மறைந்த பாடகி பவதாரிணியின் குரலும் இப்படித் திரும்பி வந்தது. தாத்தாவின் குரல் நாலைந்து வாட்ஸ்அப் ஒலித்துண்டுகளில் இருந்தால், அவரை ஆயாவிடம் பேசவைப்பதற்கு இன்று பெரிய ஸ்டுடியோ வேண்டியதில்லை.

எங்கள் அம்மா நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று ஒரு மகன் அதைச் செய்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அறிவியல் பக்கம் மட்டும் சொல்கிறேன். இயந்திரத்தின் பெரிய குறை மறதி அல்ல, சரிபார்க்கும் வழி இல்லாததுதான். தெரியாத இடத்தை அது சரளமாக இட்டு நிரப்பும், ஹாப்ஃபீல்டின் வலை கலப்பு உருவங்களை நீட்டியதுபோல. ஆயாவும் இட்டு நிரப்புவார்; அது நோயின் ஒரு பகுதி. இட்டு நிரப்பும் இருவரைத் தனியாக ஓர் அறையில் விட்டால் என்ன ஆகும்? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், பொய் நினைவு ஆய்வில் பெயர்பெற்ற எலிசபெத் லாஃப்டஸோடு சேர்ந்து 2024இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கொள்ளைக் காட்சியைப் பார்த்த 200 பேரில் ஒரு பகுதியினரிடம் உரையாடும் செயலி தவறான குறிப்பு பொதிந்த கேள்விகளைக் கேட்டு, வந்த பதிலை ஆமோதித்தது. அவர்களிடம் பொய் நினைவுகள், எதுவும் கேட்கப்படாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இவர்கள் எல்லோரும் சிட்டை நன்றாக உள்ளவர்கள்.

மருமகள் நீட்டும் குறிப்புக்கும் இயந்திரம் நீட்டும் குறிப்புக்கும் வித்தியாசம் இங்கேதான். மருமகள் அங்கே இருந்தவர். 1978இல் கிணறு வெட்டியபோது யார் இருந்தார்கள் என்று ஆயா மாற்றிச் சொன்னால், இல்லத்தே, அது சின்ன மாமா என்பார். அந்த ஒரு வரியை எந்தத் தரவுத்தளமும் பழக்கியிருக்காது.

எல்லா மறதி வீட்டிலும் வரும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். “தாத்தா எங்கடா, இன்னும் வரல?” தாத்தா செத்து ஒன்பது வருஷம். உண்மையைச் சொன்னால் ஆயா அப்போதுதான் கேள்விப்படுவதுபோல அழுவார். அரை மணியில் சொன்னது மறந்துபோகும், மறுபடி கேட்பார். மறந்துவிடுகிறார் அல்லவா, சொன்னால் என்ன என்று தோன்றும். அயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகப் படத்துணுக்குகள் போட்டுக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் பார்த்ததே பலருக்கு நினைவில்லை. சோகம் மட்டும் போகவில்லை; யாருக்குக் குறைவாக நினைவிருந்ததோ அவர்களிடம் அது கூடுதலாகத் தங்கியது. காரணம் தெரியாத துக்கத்தோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? ஆகவே வீட்டார் வெளியே போயிருக்காரு என்று ஒரு நாள் சொல்கிறார்கள், தாத்தாவுக்குக் களி பிடிக்குமா ஆயா என்று இன்னொரு நாள் பேச்சைத் திருப்புகிறார்கள், ஆயா தெளிவாக இருக்கும் அபூர்வமான காலையில் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறார்கள். எந்த நாள் எந்த நாள் என்பதை முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். தாத்தாவின் குரலிலேயே பேசும் பெட்டியிடம் இந்தக் கேள்வி வந்தால்? இதோ இருக்கேனே என்று சொல்லும். அடுத்து ஆயா கதவைத் திறந்து தேடப் போவார்.

என்னைக் கேட்டால், இயந்திரம் ஆயாவிடம் பேசுவதைவிட ஆயாவைப் பேசவிட்டுக் கேட்கலாம். கிணறு வெட்டிய கதையைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, இதற்குமுன் நாலு முறை சொன்னதோடு ஒப்பிட்டு, எந்தப் பெயர் எப்போது உதிர்ந்தது என்று மருமகளுக்குக் குறித்துக் கொடுக்கலாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கும் அந்த மருமகளுக்கு மாத்திரைக் கணக்கையும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எடுத்துக் கொடுக்கலாம். பிழை வந்தால் அதைப் பிடிக்கும் ஆள் அங்கே விழித்திருக்கிறார்.

அதற்கும் ஒரு முன்வேலை இருக்கிறது. குரல் ஆயாவுடையது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ தன் தரவு உரிமைகளைத் தனக்காகச் செலுத்த இன்னொருவரை நியமிக்கலாம் என்கிறது. அந்த நியமனத்தைத் தெளிவு இருக்கும்போதுதான் செய்ய முடியும். சாவி எங்கே என்று மறக்க ஆரம்பித்த முதல் வருஷத்திலேயே, நிலம் வீடு பற்றி உட்கார்ந்து பேசும் அன்று இதையும் கேட்டுவிடலாம். உன் குரலை வச்சுக்கலாமா, யார்கிட்ட இருக்கட்டும், நீ போனப்புறம் பேசவைக்கலாமா? எதுக்குடா என் குரலு, போன் பண்ணா நானே பேசமாட்டனா என்று திருப்பிக் கேட்பார். கேட்கட்டும். பதில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலும் அதே கேள்வியைக் கேட்டு, இரண்டு பதிலும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.